கொதிக்காத ஜீப்

என் தோஸ்தின் ஜீப் எதிர்க் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் ஒரு டிரெய்லரின் ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்திருந்தேன். காற்றடித்தால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். அன்றைக்குக் குமிழி வந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

முதலில் ஏதோ வழி கேட்க நின்றிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு பானெட் தூக்கப்பட்டது. எதிர்க் கடைக்காரன் உள்ளே தலையை விட்டான். என் தோஸ்து இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான் பார்ப்பேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பவில்லை.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற ரோட்டில் எனக்கு ரேடியேட்டர் கடை. துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரிகள்தான் என் பிழைப்பு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது, காற்று கிடைக்காது. அதோடு எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல் வேறு பறந்து வந்து ரேடியேட்டரின் சன்னமான தகடுகளுக்கு நடுவில் புகுந்து அடைத்துக்கொள்ளும். சூடாகாமல் என்ன செய்யும்? சூடானால் என்னிடம் வரும். இந்த ரோட்டில் எந்த டிரைவரைக் கேட்டாலும், வண்டி கொதித்தால் கை காட்டுகிற கடை என் கடைதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைப்பானேன்.

ஜீப்புக்காரனும் நானும் ராயபுரத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் அப்பா தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்தவர். இப்போது கடையை அவன் பார்க்கிறான். வாரத்தில் ஆறு நாள் ஆணியும் போல்ட்டும் விற்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேறு ஆள். ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதற்கு வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினைப் பொருத்தி, பெரிய டயர் மாட்டி, சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிற பைத்தியம் அவனுக்கு. சடையங்குப்பத்தைத் தாண்டி ஒரு பொட்டல் இருக்கிறது. மழை நின்று ஒரு மாதம் ஆனாலும் சேறு காயாது. இவனைப் போல பத்துப் பதினைந்து ஜீப்புக்காரர்கள் ஞாயிறு தோறும் அங்கே கூடுவார்கள்.

அந்த ஜீப்பின் இடது பக்க சீட் என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் என்னுடையதுதான். அவன் மனைவி ஒரு தடவை ஏறியவள், மறுபடி ஏறவில்லை. அவன் தம்பி ஏறினால் பின்னால்தான் உட்காருவான். எனக்கு அந்த சீட்டில் ஒரு வேலையும் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். தண்ணீர்க் குழியில் ஜீப் இறங்கும் முன் ஃபேனை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை தண்ணீரை அடித்து, வளைந்து, ரேடியேட்டரையே கிழித்துவிடும். மேலே ஏறியதும் உடனே போட வேண்டும். எப்போது நிறுத்து, எப்போது போடு என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் கியரைக் குறைப்பான், என் கை சுவிட்சுக்குப் போகும். முப்பது வருஷப் பழக்கம் அந்த ஒரு சுவிட்சில் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரி வண்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று வந்து பாதி வேலையைச் செய்துவிடும். சேற்றில் ஜீப் நடக்கிற வேகத்தில்தான் போகும், இன்ஜின் மட்டும் உயிரை விட்டுக் கத்தும். காற்று முழுவதையும் ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். நான் என்னென்னவோ செய்தேன். முதல் காரியமாக வால்வைக் கழற்றி எறிந்தேன். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும் வரை மூடியிருக்கும், சூடானால் திறக்கும். குளிர்ப் பிரதேசத்துக்காரனுக்கு அது வேண்டும், நம் வெயிலுக்கு எதற்கு என்று எங்கள் ரோட்டில் எல்லாரும் அதைப் பிடுங்கிப் போடுவோம். லாரிக்காரர்களே கேட்டுப் பிடுங்கச் சொல்வார்கள். பிறகு மூன்று வரிசைக் குழாய் இருந்த ரேடியேட்டரை நான்கு வரிசையாக்கினேன். பெல்ட்டில் சுற்றுகிற பழைய விசிறியை எடுத்துவிட்டு இரண்டு கரண்ட் ஃபேன் வைத்தேன். காற்று பக்கவாட்டில் சிதறாமல் இருக்க, சுற்றி நானே தகரத்தில் ஒரு கூண்டு அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆனால் கொதித்தது. சும்மா ஓட்டும்போது தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பொட்டலில் ஜீப்புக்காரர்கள் வைக்கிற போட்டியில், மூன்று சுற்றில் இரண்டாவது சுற்றிலேயே ஊசி சிவப்புக்குப் போய்விடும். மூன்று வருஷம் தொடர்ந்து அப்படித்தான். மூன்று வருஷமும் கேனில் தண்ணீரோடு சேற்றில் இறங்கி நின்றது நான்தான். சுற்றி நிற்கிறவர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். என் தோஸ்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "வுடு மாமு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பான். அவன் திட்டியிருந்தால்கூட நான் வேறு ஏதாவது யோசித்திருப்பேனோ என்னவோ. அவன் திட்டாததால் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் பெரிய ஃபேன் வாங்கி மாட்டினேன்.

எதிர்க் கடைக்காரன் வியாசர்பாடி ஆள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். கார் ஏசியும் வயரிங்கும் பார்க்கிறவன். கடை போட்டு நான்கு வருஷம் இருக்கும். தரையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. வேலை தெரியாவிட்டால் செல்போனில் இன்ஜின் கம்பெனிப் புத்தகத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பான். அதைப் பார்த்து நான் டீக்கடையில் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். "இன்னா வாத்யாரே, பரீச்சைக்குப் படிக்கிறியா?" என்பேன். "ஆமாண்ணா, பாஸ் ஆவணும்ல" என்று சிரிப்பான். கோபமே வராது அவனுக்கு. எனக்கு அது அப்போதே பிடிக்காது.

ஜீப் அங்கே மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளும் நான் குடித்த அளவுக்கு டீ வாழ்நாளில் குடித்ததில்லை. டீக்கடை அவன் கடைக்குப் பக்கத்துக் கடை. கிளாசை வாயில் வைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். என் ரேடியேட்டர் அப்படியே இருந்தது. என் தகரக் கூண்டு அப்படியே இருந்தது. ஃபேன் இரண்டும் என் ஃபேன்கள்தான். அவன் இன்ஜின் மேலே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான், முதுகுதான் தெரிந்தது. கேட்டுவிடலாம். கேட்டால் நான் கேட்டேன் என்று ஆகிவிடுமே. டீயை முடித்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தோஸ்து என்னைக் கூப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தேரடிப் பக்கம் ஜீப் என்னைத் தாண்டிப் போனது. இடது பக்க சீட்டில் எதிர்க் கடைக்காரன். கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டிருந்தான். என் தோஸ்து என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். அவனும் ஆட்டினான். நானும் மீன் பையோடு கையைத் தூக்கி ஆட்டினேன், வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து பையை வைத்த வேகத்தில் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "உன் தோஸ்து ரெண்டாங் கல்யாணம் கட்டிகினா மாதிரி எதுக்கு இப்டி மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற?" என்றாள்.

"அவன் எவனோட போனா எனக்கு இன்னா?"

"அத்தத்தான் நானும் சொல்றேன். மீன கழுவி வையி."

பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் எதுவும் அதற்கு இல்லை. ஒரு பொம்பளை விஷயத்திலோ சொத்து விஷயத்திலோ பொறாமைப்பட்டால் கேட்கிறவர்களுக்குப் புரியும். நாற்பத்தேழு வயதில், கிழிந்த ரெக்சின் போட்ட ஒரு ஜீப் சீட்டுக்காகப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பழைய சிநேகிதன் என்னைவிட்டு நகர்கிறான் என்பது ஒரு பக்கம். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று எதிர்க் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். எது அதிகம் எரிந்தது என்று கேட்டால், காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

போட்டி நாள் வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். காலை எட்டு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கூட்டத்தின் பின்வரிசையில் கர்ச்சீப்பைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றேன். நான் எதற்காகப் போனேன் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஜீப் கொதிக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போனேன். சாமியிடம்கூட வேண்டியிருப்பேன், இந்த மாதிரி வேண்டுதலுக்கு எந்த சாமியிடம் போவது என்று தெரியவில்லை.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் சேற்று மேட்டில் ஜீப் சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கியது. இன்ஜின் கத்துகிற கத்தல் எனக்கு அத்துப்படி. இதோ, இப்போது ஆவி வரும் என்று நான் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஜீப் மேட்டில் ஏறியது. தண்ணீர்க் குழிக்கு முன்னால் என் தோஸ்து கியரைக் குறைத்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் குனிந்து சுவிட்சை அணைத்தான். ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கை இங்கே ஸ்கூட்டர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றும் முடிந்தது. பரிசு கிடைக்கவில்லை, நான்காவதாக வந்தான். ஆனால் முடித்துவிட்டான். ஜீப்பிலிருந்து குதித்து எதிர்க் கடைக்காரனைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேர் உடம்பிலும் ஒரே சேறு.

நழுவிவிடலாம் என்று ஸ்கூட்டரைத் திருப்பும்போது என்னைப் பார்த்துவிட்டான். "மாமு! எப்ப வந்த நீ? இன்னாத்துக்கு அங்க நிக்கிற?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான். பிரியாணிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தான். மூன்று பேரும் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிர்க் கடைக்காரன் தன் பொட்டலத்து முட்டையை எடுத்து என் இலையில் வைத்தான். எனக்கு முட்டை பிடிக்கும் என்று டீக்கடையில் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

பேசிக்கொண்டே இருந்ததில் மூன்று மணி ஆகிவிட்டது. இன்ஜின் நன்றாக ஆறிவிட்டிருந்தது. கிளம்பலாம் என்று என் தோஸ்து ஸ்டார்ட் செய்தான். பானெட் திறந்துதான் இருந்தது. பழக்க தோஷம், என் கை தானாகப் போய் ரேடியேட்டருக்கு மேலே வருகிற ரப்பர்க் குழாயைப் பிடித்தது. நான் வேலை செய்து வைத்த ஜீப்பாக இருந்தால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குழாய் மெல்ல மெல்லச் சூடாகத் தொடங்கும். இது சில்லென்று இருந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அப்படியே சில்லென்று. பிறகு ஒரே மூச்சில் சூடு பாய்ந்து வந்து கையைச் சுட்டது. நான் கையை எடுத்தேன்.

வால்வு உள்ளே இருந்தது. அவன் வால்வைத் திரும்ப மாட்டியிருக்கிறான். வேறொன்றும் செய்யவில்லை.

சுட்ட கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்று யோசித்தேன். இந்த இன்ஜினில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வருகிற குறுக்கு வழி. வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே குறுக்கு வழியை மூடும். நான் வால்வையே எடுத்துவிட்டதால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடந்தது. கொதிக்கிற தண்ணீரில் பாதி, நான் கட்டிய நான்கு வரிசை ரேடியேட்டரையும் இரண்டு ஃபேனையும் எட்டிக்கூடப் பார்க்காமல், இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. மூன்று வருஷம் அந்த ஜீப்பைக் கொதிக்க வைத்தது வெயிலும் இல்லை, சேறும் இல்லை. நான்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க் கடைக்காரன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னா மாமு, உனக்காவது புரியுதா?" என்று என் தோஸ்து கேட்டான். "இவன் இன்னாதான் பண்ணான்? நானும் ஒரு மாசமா கேட்டுகினு கீறேன், சொல்லவே மாட்றான்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க் கடைக்காரன் சொல்லிவிட்டான். "பெருசா ஒண்ணும் இல்ல சார். ஃபேனுக்குப் போற வயரு ஒண்ணு லூசா இருந்திச்சி. சேத்துல குதிக்கறப்ப கரண்டு வுட்டு வுட்டு வந்துகினு இருந்திருக்கும். அத்த டைட் பண்ணேன், அவ்ளோதான். மத்ததெல்லாம் அண்ணன் கட்டின ரேடியேட்டரு, அண்ணன் வச்ச ஃபேனு. அதான் தாங்கிச்சி."

"ஒரு வயரா? தூ, இதுக்கா மூணு வருசம் பேஜாரானோம்?" என் தோஸ்து விழுந்து விழுந்து சிரித்தான். என் தோளில் அடித்தான். "அப்ப உன் வேல சுத்தமாத்தான் இருந்திருக்குது. நான்தான் அவசரப்பட்டு இவனாண்ட போய்ட்டேன். கோச்சிக்காத மாமு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். வாயில் வந்தும்விட்டது. "அதுக்கென்ன மாமு, நமக்குள்ள இன்னா" என்றேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் எதிர்க் கடைக்காரனைப் பிடித்தேன். வேறு யாரும் இல்லாத நேரம். "எதுக்குடா பொய் சொன்ன?" என்று கேட்டேன். கேள்வி கோபமாகத்தான் வந்தது.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "இந்த ரோட்ல முக்கால்வாசி லாரிக்கு நீதான் வால்வு புடுங்கிக் கீற. சாராண்ட சொன்னா அவரு நாலு பேராண்ட சொல்வாரு. அப்பறம் எவன் வண்டிக்கு இன்னா ஆனாலும் பழிய உன் தல மேலதான் போடுவான். எதுக்குண்ணா அது?"

"உனக்கு வந்த ஆளு வுட்டுப் போய்டுவானே."

"போனா போவட்டும். எனக்கு ஏசி வேலையே தல மேல கீது. ஞாயித்துக்கெழம வூட்ல பசங்களோட இருக்கலாம். ஜீப்புல குந்தி இடுப்பு வேற வலி எடுத்துகிச்சி." டீயைக் குடித்து முடித்தான். "லாரிக்கெல்லாம் வால்வ போட்டு வுட்டுருண்ணா. டீசலும் கொஞ்சம் மிச்சமாவும்."

அவன் எழுந்து போய்க் கடையைத் திறந்தான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைப் பற்றி அவன் நாலு வார்த்தை கேவலமாகப் பேசியிருந்தால் நான் நிம்மதியாக அவனை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லாமல் செய்த அந்த சீட், அவனுக்கு இடுப்பு வலி. வேண்டாம் என்று எழுந்து கொடுத்துவிட்டான். முன்பு அவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவன் மனசையும் சேர்த்துப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

நான் இப்போது யார் வண்டியிலும் வால்வைப் பிடுங்குவதில்லை. பழைய வண்டி வந்தால் புது வால்வு வாங்கிப் போடுகிறேன். டிரைவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டு வழி, குறுக்கு வழி என்றெல்லாம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், அனுபவம்தான் என்கிறேன்.

போட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. இடது பக்க சீட் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். மணலி தாண்டி, சடையங்குப்பம் தாண்டி, பொட்டலில் இறங்கினோம். தண்ணீர்க் குழி வந்தது, அவன் கியரைக் குறைத்தான், நான் ஃபேனை அணைத்தேன். மேலே ஏறினோம், போட்டேன். எல்லாம் பழையபடிதான் இருந்தது. மேட்டில் இரண்டு தரம் சறுக்கி மூன்றாம் தரம் ஏறினோம். இன்ஜின் கத்தியது. ஊசி பாதியில் நின்றது. அசையவே இல்லை. நான் வெளியே எதையும் பார்க்கவில்லை, அந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் வண்டியை நிறுத்தி என் தோஸ்து ஊசியைத் தட்டிக் காட்டினான். "பாத்தியா மாமு? ஆயிரம் பேராண்ட போனாலும் உன் கைதான் கை."

"ஆமா மாமு" என்றேன்.